பிக்கப் வண்டியில் ஜிப் கிரேன்: குடும்பக் குழுவில் பேசியவை

நான் – வெள்ளி, இரவு 8.40
எல்லோருக்கும் வணக்கம். தண்ணீர் மோட்டார்களைத் தூக்கி ஏற்றியே நம் ஆட்களுக்கு முதுகு போய்விடுகிறது என்பதால், பிக்கப் வண்டித் தொட்டியின் பின்பக்க இடது மூலையில் இன்று ஒரு சிறிய ஜிப் கிரேனை (தூணில் சுழலும் கை கொண்ட கிரேன்) பொருத்திவிட்டேன். அடித்தகட்டை நான்கு எம்12 (12 மில்லிமீட்டர்) போல்ட்டுகளால் தொட்டியின் தரையோடு இறுக்கியிருக்கிறேன். 320 கிலோ தூக்கும் என்று கிரேனின் விவரத் தகட்டில் இருக்கிறது. பெரிய மாமா சரி என்று சொன்னால் நாளையே வேலைக்கு எடுத்துச் செல்கிறேன்.

பெரிய மாமா – இரவு 8.52
மாப்பிள்ளை, அவசரப்படாதே. அந்த 320 கிலோ எவ்வளவு தூரத்தில் என்று முதலில் பார்த்துச் சொல்.

நான் – இரவு 8.59
பூம் (கிரேனின் நீளும் கை) சுருங்கி, தூணிலிருந்து 60 சென்டிமீட்டரில் கொக்கி இருக்கும்போதுதான் 320, மாமா. முழுவதும் நீட்டி 1.2 மீட்டர் ஆனால் 160 மட்டுமே.

பெரிய மாமா – இரவு 9.15
அதுதான் விஷயம். தூரம் இரண்டு மடங்கானால் திறன் பாதியாகிவிடும். 160 கிலோவை 1.2 மீட்டரில் தொங்கவிட்டால் தூணின் அடியில் 192 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை வரும். உன் போல்ட்டுகளுக்கு இடையே 20 சென்டிமீட்டர்தான் என்றால், எதிர்ப்பக்கத்து இரண்டு போல்ட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 960 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். 8.8 என்ற உயர்வலிமைத் தரத்துப் போல்ட் அதை எளிதாகத் தாங்கிவிடும். அதன் கீழே இருக்கும் மெல்லிய தகரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சோதனை செய்யாமல் ஒரு மோட்டாரையும் அதில் தூக்காதே.

அக்கா – இரவு 9.21
தம்பி, சோதனை செய்யும்போது பையன் பக்கத்தில் வந்து நிற்பான். அவனை எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடு.

நான் – இரவு 9.24
பூம் சுற்றக்கூடிய வட்டத்திற்கு வெளியே, அக்கா. அவனை வீட்டு வாசற்படியிலேயே நிறுத்திவிடுங்கள். சுமைக்குக் கீழே நானும் போக மாட்டேன்.

பெரிய மாமா – இரவு 9.40
எடையாக 200 லிட்டர் டிரம் ஒன்றை எடுத்துக்கொள். காலி டிரம் ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குழாயைத் திறந்து நாம் விரும்பிய அளவுக்கு எடையைக் கூட்டலாம் என்பதால் இரும்புக் கட்டிகளைவிட இதுவே எனக்குப் பிடித்த முறை. ஆனால் பாதி நிறைந்த டிரம்மில் தண்ணீர் அலைந்து சுமையை ஆட்டும். ஒவ்வொரு முறையும் தரையில் இறக்கி நிரப்பி, மூடியிட்டு, மெதுவாகத் தூக்கு. ஒவ்வொரு நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவை. தூணுக்கும் தொட்டிச் சுவருக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள். தரையிலிருந்து அளந்தால், வண்டி ஸ்பிரிங்கில் அமிழ்வதும் கிரேன் சாய்வதும் ஒன்றாகக் கலந்து உன்னை ஏமாற்றிவிடும்.

நான் – சனி, காலை 8.35
மாமா, நீங்கள் பயந்தது சரிதான். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துத் தொடங்கினேன். காலி டிரம்மில் குறை எதுவும் இல்லை. 100 லிட்டர் நிரப்பி 1.2 மீட்டரில் தூக்கியபோது, 20 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 14 ஆகிவிட்டது. உடனே இறக்கிவிட்டேன், இறக்கிய பிறகும் 17இல்தான் நிற்கிறது. பெயின்ட் கோடுகள் ஒன்றுகூட விலகவில்லை.

பெரிய மாமா – காலை 8.44
கோடு விலகவில்லை என்றால் நட்டு சுழலவில்லை. கீழே தகரம்தான் நசுங்கியிருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்.

நான் – காலை 9.05
படம் அனுப்பியிருக்கிறேன். வாஷருக்கு மேலே தகரத்தின் நெளிவு மேடு கட்டைவிரலால் அழுத்திய மாவைப் போலக் குழிந்து, சுற்றிலும் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருக்கிறது. ஆள் வேலை செய்யும் இடத்தில் இது நடந்திருந்தால் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

பெரிய மாமா – காலை 9.30
இப்போது தெரிந்ததே நல்லது. கிரேனின் பாரம் தகரத்தில் நிற்காமல் சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) இறங்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் ஒரு தாங்கி செய்து, அதைச் சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு இணை. தரைத் தகரத்துக்கும் தாங்கிக்கும் இடையே ஒவ்வொரு போல்ட்டின் மேலும் கனமான குழாய்த்துண்டு ஒன்றைச் செருகினால், இறுக்கும்போது தகரம் நசுங்காது. சேஸிஸில் நீயாக வெல்டிங் செய்யாதே, அதன் மேல், கீழ் விளிம்புகளில் துளையும் போடாதே. வண்டியின் வலிமை அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது. தாங்கியை வெளியே வைத்தே வெல்டிங் செய்து கொண்டுவா. பிரேக் குழாயும் வயர்களும் எங்கே ஓடுகின்றன என்று பார்க்காமல் டிரில்லைத் தொடாதே.

சித்தப்பா – காலை 10.10
வின்ச்சின் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் மின் உருளை) வயரை நான் பார்த்துக்கொள்கிறேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைக்க வேண்டும்; இடையில் எங்காவது உரசினால் முழு வயரும் பற்றிக்கொள்ளும். கொக்கி தரையைத் தொடும் நிலையிலும் கம்பிவடம் உருளையில் ஐந்து சுற்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவை.

நான் – சனி, இரவு 7.20
தாங்கியும் குழாய்த்துண்டுகளும் பொருத்தியாகிவிட்டன. தானாகத் தளராத புதிய நைலாக் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். பக்கவாட்டில் தூக்கும்போது வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, சுமை தானாகவே இன்னும் வெளியே நகர்வதைக் காலையில் கண்ணால் பார்த்தேன் என்பதால், மூலையில் ஒரு ஊன்றுகாலும் சேர்த்திருக்கிறேன்.

பெரிய மாமா – இரவு 7.31
நல்ல வேலை. காலுக்கு அடியில் அகலமான பலகை வை; மண் இளகினால் கால் இருந்தும் பயனில்லை.

நான் – ஞாயிறு, காலை 9.50
160 கிலோவில் ஒரு மாற்றமும் இல்லாததால், அதன் 125 சதவீதத்திற்குப் போனேன்: 180 லிட்டர் தண்ணீரும் டிரம்மும் சேர்ந்து 200 கிலோ. தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் மட்டும் தூக்கி 10 நிமிடம் வைத்திருந்தேன்; வின்ச் பிரேக் நழுவவில்லை. இடைவெளி தூக்கியபோது 19 ஆகி, இறக்கியதும் 20க்குத் திரும்பிவிட்டது. வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் எங்கும் விரியவில்லை.

பெரிய மாமா – காலை 10.02
இனி வேலைக்கு எடுத்துப் போ. 60 சென்டிமீட்டரில் 320 கிலோ, 1.2 மீட்டரில் 160 கிலோ என்பதைப் பூமிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடு. 200 என்று யாருக்கும் சொல்லாதே, அது சோதனைக்கு மட்டும். ஒரு வாரம் ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்.

நான் – திங்கள், மாலை 6.15
முதல் மோட்டார் ஏறியது, மாமா: 110 கிலோ, ஒரு மீட்டர் தூரம். இடைவெளி 20. பூமை மடக்கி, ஊசி போட்டுப் பூட்டிய பிறகே வண்டியை எடுத்தேன்.