ஃபைன் ஆர்ட் சேர்ந்து ஏழு வாரம், யாரும் ஒண்ணும் சொல்லித்தரல. புதன்கிழமை கிரிட், அதாவது எல்லாரும் நம்ம படைப்பைப் பார்த்துப் பேசுற வகுப்பு. என்ன செய்ய?

கரித்துண்டு:
வணக்கம். பி.ஏ. ஃபைன் ஆர்ட் முதல் வருஷம். ப்ரஷ் எப்படிப் பிடிக்கணும்னுகூட இதுவரை யாரும் சொல்லல. ஸ்டுடியோல ஒரு வெள்ளைச் சுவரும் பாதி மேஜையும் குடுத்து, "உன் ப்ராக்டிஸ் என்ன?"ன்னு, அதாவது நான் எந்த மாதிரி கலை செய்யறேன்னு, கேட்டுட்டுப் போயிட்டாங்க. நான் எங்க தெரு முனை இட்லிக்கடை ஆயாவை ஆயில்ல வரைஞ்சேன். மூணு வாரம் ஆச்சு. கிரிட்ல எல்லாரும் வட்டமா நின்னு பார்த்தாங்க. ரொம்ப நேரம் யாரும் வாயே திறக்கல. கடைசில ட்யூட்டர், "இது ஏன் பெயின்டிங்கா இருக்கணும்?"னு கேட்டார். பதில் வரல. ரூமுக்கு வந்து அழுதேன். அதுக்கப்புறம் ஸ்டுடியோ பக்கமே போகல. இப்ப ஒரு மெயில் வேற வந்திருக்கு, தூக்கம் வரல. அப்பா நிலத்தை வச்சு லோன் எடுத்திருக்கார். கிராஃபிக் டிசைனுக்கு மாறிடலாமா? புதன்கிழமை அடுத்த கிரிட்.

டூசல்டார்ஃப்_டீக்கடை:
தம்பி, நீங்க ஜெர்மனிக்கு வந்திருக்கணும். இங்க அரசு கலைக்கழகங்கள்ல பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனா மாப்பெ தேறணும், அதாவது நம்ம படங்களைக் கட்டிக் கொண்டுபோய்க் காட்டுற ஃபைல். எனக்கு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தக் குளிர்காலம் முழுக்க ரொட்டிக்கு ஆவக்காய் தொட்டுக்கிட்டே ஓட்டினேன். மூணாவது தடவை கிடைச்சப்ப வீட்டுக்கு போன் பண்ணினா அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப இன்ஜினியரிங் இல்லையா?" சேர்ந்த பிறகும் ஒண்ணும் சொல்லித்தர மாட்டாங்க. பேராசிரியர் வருவார், நிப்பார், தலையை ஆட்டுவார், போயிடுவார்.

பிராம்ப்டன்_ராஜா:
ஓவியத்தை விடுங்க பாஸ், முதல்ல வேலை தேடுங்க. வாரத்துக்கு 24 மணி நேரம் செய்யலாம். நான் வந்தப்ப பஸ் ஸ்டாப்ல நின்னு மூக்கு முடியெல்லாம் உறைஞ்சு போச்சு. இப்ப சொந்த வீடு.

மெல்பர்ன்_மாப்ள:
24 இல்லைங்க, ரெண்டு வாரத்துக்கு 48.

பிராம்ப்டன்_ராஜா:
ரெண்டும் ஒண்ணுதானே?

மெல்பர்ன்_மாப்ள:
எப்படி ஒண்ணாகும்? இங்க ஆஸ்திரேலியாவுல ஒரு வாரம் 30, மறுவாரம் 18னு செய்யலாம். உங்க கனடாவுல 30 செஞ்சா மாட்டிக்குவீங்க.

எழும்பூர்_பழைய_மாணவன்:
அவர் கேட்டது வேலையைப் பத்தியா? நான் எழும்பூர்ல பி.எஃப்.ஏ. முடிச்சவன். 1850ல ஆரம்பிச்ச காலேஜ், நாலு வருஷப் படிப்பு. முதல் வருஷம் பூரா பானை, துணி மடிப்பு, எதிர்ல உக்கார்ந்திருக்கிற ஆள், இதேதான். காது ஒரு நூல் கீழே இறங்கியிருந்தா சார் நம்ம கையில இருக்கிற ரப்பரை வாங்கி அவரே அழிப்பார். எதுக்காக வரையறேன்னு மட்டும் நாலு வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்ல. பிறகு லண்டனுக்கு எம்.ஏ. வந்தேன். இங்க கையைப் பத்தி யாரும் கவலைப்படல, "எதுக்கு"ன்னு மட்டும் குடைஞ்சாங்க. கை பழகிட்டு வந்த எனக்கே ஆறு மாசம் ஆச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன். என்ன ஆனாலும் கோலம் போடாதீங்க! இந்தியாவுலேருந்து ஒருத்தன் கோலம், புடவை, மஞ்சள்னு செஞ்சா போதும், அதுக்கு மேல உன்னை எதுவும் கேட்க மாட்டாங்க. மூணு வருஷமும் கலாச்சாரத் தூதரா நிக்க வேண்டியதுதான்.

லெஸ்டர்_லதா:
அண்ணா, நான் கோலம்தான் போட்டேன், ஃபர்ஸ்ட் க்ளாஸ். அரிசி மாவைச் சிமென்ட் தரையில போட்டேன், பத்து நாள் எறும்பு வருதான்னு பார்த்தேன். ஒண்ணுகூட வரல. அதையே எழுதி வச்சேன்.

எழும்பூர்_பழைய_மாணவன்:
எறும்பு வராததுதான்மா உன் படைப்பு, கோலம் இல்ல.

லெஸ்டர்_லதா:
அதைத்தானே அந்த ட்யூட்டரும் கேட்டிருக்கார்!

பிராம்ப்டன்_ராஜா:
இதுக்குத்தான் நிலத்தை அடமானம் வச்சு அனுப்புறாங்களா? எறும்பு பார்க்கவா?

ஹாரோ_அக்கா:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளை, நீங்கள் எந்த நாட்டில இருக்கிறீங்கள் எண்டே எழுதேல்ல. அந்த மெயில் ஆர் அனுப்பினது? ட்யூட்டரோ, அட்டென்டன்ஸ் பாக்கிறவையோ? கையில காசு இருக்கோ? சாப்பிடுறீங்களோ? இதுகளைச் சொல்லாட்டி இஞ்ச எழுதுற ஒண்டும் உங்களுக்கு உதவாது.

கரித்துண்டு:
ஸாரி அக்கா. லண்டன். அப்புறம் தம்பி இல்ல, நான் பொண்ணு. மெயில்ல 'என்கேஜ்மென்ட்'னு, அதாவது படிப்புல ஈடுபாடு பத்தின்னு, போட்டிருக்கு, வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு வரச் சொல்லியிருக்காங்க. காசு குறைவுதான். இன்ஸ்டாகிராம்ல போட்டோ அனுப்பினா போர்ட்ரெய்ட் வரைஞ்சு தர்றேன், ஒண்ணு 40 பவுண்டு. இதுவரை ஆறு பேருக்குக் குடுத்திருக்கேன். ஸ்டுடியோ போகாததுக்கு அதுவும் ஒரு காரணம். அது தப்பில்லையே?

ஈஸ்ட்ஹாம்_மச்சி:
சின்னக் காசு, யார் கேக்கப் போறா. கேஷா வாங்கிக்க தங்கச்சி.

ஹாரோ_அக்கா:
தம்பி, தெரியாட்டி சும்மா இருக்கலாம். ஸ்டூடன்ட் விசாவில டிகிரி படிக்கிற பிள்ளையள் டேர்ம் நேரத்தில கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம், சரி. ஆனா அது ஒருத்தரிட்டச் சம்பளத்துக்கு நிக்கிற வேலை. சொந்தமா உழைக்க ஏலாது. ஓடர் எடுத்துப் படம் கீறி விக்கிறது சொந்தத் தொழில்தான். ஆறு படம் எண்டாலும் அப்பிடித்தான், கேஷ் எண்டாலும் அப்பிடித்தான். ஃபைன் ஆர்ட் படிக்க வாற பிள்ளையள்தான் இதில கூடுதலா மாட்டுறது, ஏனெண்டா கடையில நிண்டால் வேலை எண்டு தெரியும், படம் கீறினால் வேலை எண்டு மனசுக்குப் படாது.

பிள்ளை, இண்டைக்கே புது ஓடர் எடுக்கிறதை நிப்பாட்டுங்கோ. நாளைக்கு இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் அட்வைசரிட்ட நேரம் எடுத்து, ஒண்டையும் ஒளிக்காமல் முழுக்கதையும் சொல்லுங்கோ. தனிய போகப் பயம் எண்டா ஸ்டூடன்ட்ஸ் யூனியன் அட்வைஸ் ஆக்களிட்ட முதல் போங்கோ, அவை டிப்பார்ட்மென்டோட சேராதவை. இந்த நாட்டில குடிவரவு ஆலோசனை சொல்லுறதுக்கே சட்டம் இருக்கு, என்னையும் சேர்த்து இஞ்ச ஒருத்தரும் அதுக்குத் தகுதியான ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்குக் கட்டாயம் போகவேணும். யூனிவர்சிட்டிதான் உங்கட விசாவுக்கு ஸ்பான்சர், நீங்கள் படிப்பில இல்லை எண்டு முடிவெடுத்தால் விசாவைப் பாக்கிற ஹோம் ஆபீசுக்கு அறிவிக்க வேண்டிவரும். இப்பிடிக் கூப்பிட்டுக் கதைக்கிறதே அந்த அளவுக்குப் போகாமல் இருக்கத்தான். டிசைனுக்கு மாறுற கதையும் அப்பிடித்தான்: அட்வைசரைக் கேக்காமல் ஒரு ஃபோமிலயும் சைன் வைக்காதேங்கோ. புதுக் கோர்ஸ் இப்ப இருக்கிற விசாத் திகதிக்குள்ள முடியுமோ எண்டதில கனக்கத் தங்கியிருக்கு.

வருசத்துக்கு 776 பவுண்ட்ஸ் ஹெல்த் சர்சார்ஜ் கட்டித்தானே வந்தனீங்கள்? ஜி.பி.யிட்ட, அதுதான் உங்கட ஏரியா டொக்டரிட்ட, பதிஞ்சாச்சோ? நித்திரை இல்லாட்டி அங்கயும் சொல்லுங்கோ. நான் வந்த காலத்தில நாலு மணிக்கே இருட்டிறதைப் பாத்துப் பாத்து... சரி, அது வேற கதை.

லெஸ்டர்_லதா:
அக்கா சொன்னதைச் செஞ்சுட்டு புதன்கிழமைக்கு வா. "ஏன் பெயின்டிங்கா இருக்கணும்?"ங்கிறது திட்டு இல்ல. வீடியோ வச்சவனைப் பார்த்து "ஏன் வீடியோ?"ன்னு கேட்பாங்க. மூணு வாரத்துல ஒரே படத்தை முடிச்சுக் கொண்டுபோனா அவங்களுக்குப் பேச ஒண்ணும் இருக்காது, அதான் வாயை மூடிட்டு நின்னாங்க. இந்தத் தடவை முடிக்காததை மாட்டு. ஆயா கை மட்டும் பத்து தடவை, அட்டையில, பில் பேப்பர்ல, கரியில. இட்லி ஆவி மட்டும் ஒரு தாள். நீயே மூணு கேள்வி எழுதி வச்சுக்க, "எது உங்களுக்கு இட்லிக்கடைன்னு தெரியுது?" மாதிரி. பக்கத்து மேஜைப் பொண்ணை நோட்ஸ் எடுத்துத்தரச் சொல்லு. பதட்டத்துல நமக்குக் காதே கேட்காது. அவ கிரிட்டுக்கு நீ எடுத்துக் குடு.

எழும்பூர்_பழைய_மாணவன்:
அம்மாடி, உன்னைத் தம்பின்னு நினைச்சுட்டேன். சாமானுக்குக் காசைக் கொட்டாதே. பிரிட்டிஷ் மியூசியம் பக்கத்துல கார்னலிசன்னு பழைய வர்ணக்கடை, கண்ணாடி ஜாடியில நிறப்பொடி அடுக்கியிருப்பாங்க. பார்த்துட்டு வா, வாங்காதே. வருஷக் கடைசியில சீனியர்கள் ஃப்ரேமும் பலகையும் தூக்கிப் போடுவாங்க, அப்ப ஸ்டுடியோவுல இரு. மரப்பட்டறை இண்டக்‌ஷனுக்கு இப்பவே பேர் குடு, முடிக்காம மெஷின்கிட்ட விடமாட்டாங்க. லின்சீட் எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதே, தானாவே சூடேறித் தீப்பிடிக்கும். அதுக்குன்னு மூடி போட்ட இரும்புத் தொட்டி வச்சிருப்பாங்க.

லெஸ்டர்_லதா:
ஸ்ட்ராட்ஃபர்ட் பக்கம் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்னு ஒரு மியூசியக் கிடங்கு 2025ல திறந்தாங்க, டிக்கெட் கிடையாது. முன்கூட்டியே புக் பண்ணினா அஞ்சு பொருள் வரைக்கும் எடுத்து வச்சு, கிட்ட நின்னு பார்க்க விடுவாங்க. பிரிட்டிஷ் மியூசியத்துலயும் டிராயிங்குகளைப் பார்க்கத் தனி அறை இருக்கு, அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டுப் போ.

டூசல்டார்ஃப்_டீக்கடை:
ஸாரி தங்கச்சி, நான் என் கதையையே பேசிட்டேன். ஆனா ஆவக்காய் ஒரு பாட்டில் எப்பவும் ரூம்ல இருக்கணும்.

கரித்துண்டு:
அட்வைசர்கிட்ட நாளைக்குப் பதினொரு மணிக்கு நேரம் கிடைச்சிருக்கு. இன்ஸ்டாகிராம்ல ஆர்டர் எடுக்கலன்னு போட்டுட்டேன். இப்ப ஸ்டுடியோலதான் இருக்கேன். கை ஏழு வரைஞ்சிருக்கேன். ஒரு சந்தேகம், இந்த வெள்ளைச் சுவர்ல ஆணி அடிக்கலாமா?

எழும்பூர்_பழைய_மாணவன்:
டெக்னீஷியனை ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தாராளமா அடி. வருஷக் கடைசியில ஓட்டையை அடைச்சு, தேய்ச்சு, வெள்ளை அடிச்சுக் குடுக்கறதும் நீதான்.