காப்பி சர்வரும் எஸ்எம்எஸ் அனுப்பியது

நான் பராமரிப்பு பார்க்கும் ஒரு நிதி நிறுவனத்தில், சோதனைக்காக அமேசான் கிளவுடில் ஓடும் ஒரு இசி2 சர்வரை அவர்கள் ஆட்களே காப்பி எடுத்தார்கள். ஓடும் சர்வரிலிருந்து ஏஎம்ஐ (டிஸ்க்கோடு சேர்ந்த சர்வர் அச்சு), அதிலிருந்து புது இன்ஸ்டன்ஸ், அதாவது இன்னொரு சர்வர். அதுவரை ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில்தான் வினை. தவணையை நினைவூட்டி எஸ்எம்எஸ் அனுப்பும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலையும் டிஸ்க்கோடு சேர்ந்து வந்திருந்தது. அசலும் அனுப்பியது, காப்பியும் அனுப்பியது. "ஒரே தவணையை ரெண்டு தடவை கட்டணுமா?" என்று ஒரு பெரியவர் போனும் கையுமாகக் கிளைக்கே வந்துவிட்டார். பாவம், ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டார் போல இருந்தது அவர் முகம்.

அன்றிலிருந்து எந்தக் காப்பியையும் வெளியே போக வழியில்லாமல்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்கிறேன். புது செக்யூரிட்டி குரூப்பில் (சர்வருக்குள் எது வரலாம், எது வெளியே போகலாம் என்ற விதிகள்) அவுட்பவுண்ட், அதாவது வெளியே போகும் வழி, முழுக்கத் திறந்தே இருக்கும். அந்த விதியை அழித்துவிடுங்கள். உள்ளே வரும் வழியான இன்பவுண்டில் உங்கள் ஐபிக்கு மட்டும் போர்ட் 22. செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல் (அனுமதித்து உள்ளே வந்த இணைப்புக்கான பதிலைத் தானே வெளியே விடும்) என்பதால், அந்தப் போர்ட் வழியாகத் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச் தடையில்லாமல் வேலை செய்யும். உள்ளே போய் கிரானையும், அதே போல நேரம் பார்த்து ஓடும் சிஸ்டம்டி டைமர்களையும் நிறுத்தி, டேட்டாபேஸ் முகவரியையும் எஸ்எம்எஸ் கேட்வே (எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் சேவை) சாவியையும் மாற்றிய பிறகு திறக்கலாம். மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸின் க்யூவையும் பாருங்கள். அதில் தேங்கிய மெயில்கள் வழி கிடைத்ததும் கிளம்பிவிடும்.

பதில்:
அண்ணே, ரீபூட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏஎம்ஐ எடுக்கும்போது வேண்டாம் என்று நாம் குறிக்காவிட்டால் அசல் சர்வர் ரீபூட் ஆகும். நான் முன்பு இருந்த ஒரு கடையில் நட்டநடுப் பகலில் பில்லிங் நின்றது அப்படித்தான். ரீபூட் இல்லாமல் எடுத்தால் ஃபைல் சிஸ்டம் சீராக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஓடும் சர்வர் என்றால் ராத்திரி வரை பொறுத்திருந்து ரீபூட்டோடுதான் எடுப்பேன். காப்பியின் புது டிஸ்க் முதலில் மந்தமாக இருக்கும். ஸ்னாப்ஷாட்டின் (ஏஎம்ஐயில் உள்ள டிஸ்க் நகல்) பிளாக்குகள் நாம் தொடும்போதுதான் அமேசானின் சேமிப்பிடமான எஸ்3-இலிருந்து இறங்கும். அதற்காகப் பெரிய இன்ஸ்டன்ஸுக்கு மாறிவிடாதீர்கள்.

பதில்:
மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஸூரில் விஎம்-ஐ (அங்குள்ள சர்வரை) ஜெனரலைஸ் செய்துவிட்டால், அதாவது அதன் தனி அடையாளங்களை நீக்கிப் பொது அச்சாக்கிவிட்டால், அசலை மறுபடி ஸ்டார்ட் செய்ய முடியாது. அப்படியே நகல் வேண்டும் என்றால் ஸ்பெஷலைஸ்டு இமேஜ் எடுங்கள். ஒரு சந்தேகம்: காப்பிக்கு ஐபி மாறிவிடுமே, எஸ்எம்எஸ் கேட்வேயில் ஐபி வைட்லிஸ்ட் (அனுமதித்த ஐபிக்களின் பட்டியல்) இருந்தால் அந்த எஸ்எம்எஸ் போயிருக்காதே?

பதில்:
வைட்லிஸ்ட் இருந்தது தம்பி. இரண்டு சர்வரும் இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத பிரைவேட் சப்நெட்டில், ஒரே நாட் கேட்வே (தன் ஐபியிலேயே எல்லாவற்றையும் வெளியே அனுப்பும் வாசல்) வழியாக வெளியே போயின. எஸ்எம்எஸ் கேட்வேக்காரர்களுக்கு இரண்டும் ஒரே ஐபியாகத்தான் தெரிந்தது.