டகோட்டா, அவ்ரோ, ஃபாக்கர்: ஏறியவர்கள் யாராவது உண்டா?

ஜன்னலோரம்:
எங்கள் பெரியப்பா மதராஸிலிருந்து மதுரைக்கு அவ்ரோவில் போன கதையைச் சலிக்காமல் சொல்வார், ஆனால் உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டால் "காது போச்சுடா" என்பதோடு சரி. அந்தக் கால விமானங்களில் ஏறியவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன். பிஸ்டன் எஞ்சின் சத்தம் அவ்வளவு மோசமா?

ஸ்பானர்:
தம்பி, நீங்கள் சொன்ன மூன்றில் பிஸ்டன் டகோட்டாவுக்கு மட்டும்தான். அவ்ரோவும் ஃபாக்கரும் டர்போபிராப், அதாவது டர்பைன் சுழன்று புரொப்பெல்லரைச் சுற்றுகிற ரகம், இரண்டிலும் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின். பெரியப்பா காதைப் பதம் பார்த்தது அதுதான், தரையில் ஓடும்போது தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு. பராமரிப்பில் வேலை பார்த்த எனக்கு இப்போது போன் மணி அடித்தால் பேரன் வந்து சொல்ல வேண்டும். டகோட்டா வேறு ரகம். எஞ்சினுக்கு 14 சிலிண்டர், வட்டமாக இருக்கும். வண்டி சும்மா நின்றால் அடியில் இருக்கிற சிலிண்டர்களில் ஆயில் இறங்கித் தேங்கிவிடும், அதனால் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் புரொப்பெல்லரைக் கையால் சில சுற்று தள்ளிவிடுவோம். அப்படியும் மிச்ச ஆயில் எரிந்து புகை குபுகுபுவென்று கிளம்பும், புதிதாக ஏறியவர்கள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

மாடக்குளம்:
டகோட்டாவில் போயிருக்கிறேன். வால் பக்கம் தரையோடு தாழ்ந்து நிற்கும், முன் சீட்டுக்கு மேடு ஏறித்தான் போக வேண்டும். கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது, அதனால் உயரப் போக முடியாது, சித்திரை வெயிலில் தூக்கித் தூக்கிப் போடும். தட்டில் பெப்பர்மின்ட்டும் காதுக்குப் பஞ்சும் வரும். பக்கத்து சீட்டுக்காரர் காகிதப் பையை விடவே இல்லை, மேற்கொண்டு வேண்டாம்.
ஃபாக்கர் சொகுசு. இறக்கை தலைக்கு மேலே, ஜன்னலும் பெரிசு. எஞ்சினுக்கு நேரே உட்கார்ந்தால் இறங்கும்போது சக்கரம் கதவைத் திறந்துகொண்டு கீழே வருவதும், தரை தொட்டதும் டயரிலிருந்து புகை சீறுவதும் கண்ணெதிரே.

கொக்குவிலான்:
நான் சின்ன வயதில் அம்மாவோடு யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புப் பக்கம் இரத்மலானைக்கு ஏர் சிலோன் அவ்ரோவில் வந்தனான். யாழ்தேவி ரயிலில் போனால் ஒரு பகல் கரைந்துவிடும். அவ்ரோவுக்கு இறக்கை கீழே, ஆகவே பின் சீட் கிடைத்தால்தான் வடிவாகப் பார்க்கலாம். கிடைத்தது. கிளம்பின கையோடு பனைகளும் கிடுகு வேலிகளும், பிறகு கடனீரேரியில் ஆழத்துக்கு ஆழம் நிறம் மாறுகிற தண்ணீர். அம்மா கடைசி வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை.

ஜன்னலோரம்:
அருமை! அவ்ரோ நம்ம நாட்டிலேயே செய்தது என்கிறாரே பெரியப்பா, நிஜமா ஸ்பானர் ஐயா?

ஸ்பானர்:
நிஜம்தான். வடிவமைப்பு பிரிட்டன், இங்கே கான்பூரில் பூட்டினார்கள், முதலாவது 1961-ல் பறந்தது. டகோட்டா சத்தம் கேட்க ஆசை என்றால் பிரிட்டனில் புதுப்பித்த ஒரு டகோட்டாவை நம்ம விமானப்படை 2018-ல் சேர்த்துக்கொண்டது, பரசுராமா என்று பேர். விமானப்படை தின விழாக்களில் பறக்க விடுகிறார்கள், பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.