டான் இன்வெர்ஸ் காஸ் எக்ஸ்: இதை எப்படி இன்டக்ரேட் செய்வது?

பிடோக்85:
சிங்கப்பூரில் ஜேசி (ஜூனியர் காலேஜ்) இரண்டாம் ஆண்டு, எச்2 கணிதம் (ஏ லெவல் பாடம்). புளோக் கீழே கல்மேசையில் மூன்று பேர் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எக்ஸ் சைன் எக்ஸ் / (1 + காஸ்² எக்ஸ்), இதை 0 முதல் பை வரை இன்டக்ரேட் செய்ய வேண்டும்.

கிராஃபிக் கால்குலேட்டர் 2.467 என்கிறது. ஆனால் கேட்டிருப்பது எக்ஸாக்ட் வேல்யூ. பை பார்ட்ஸ் (பகுதி பகுதியாக இன்டக்ரேட் செய்யும் முறை) போட்டோம். முதல் பகுதி பை²/4 என்று அழகாக வந்துவிட்டது. மிச்சம் நிற்பது டான் இன்வெர்ஸ் (காஸ் எக்ஸ்), அதே எல்லைகள். இதற்குச் சூத்திரத் தாளில் ஒன்றுமே இல்லை. யாராவது சொல்லுங்களேன்.

உட்லண்ட்ஸ் அக்கா:
அதை ஏன் தம்பி இன்டக்ரேட் செய்ய வேண்டும்? கால்குலேட்டரில் வரைந்து பாருங்கள். 0-இல் பை/4, பை/2-இல் பூஜ்யம், பை வரும்போது மைனஸ் பை/4. மேலே உள்ள பரப்பும் கீழே உள்ள பரப்பும் அடிபட்டுப் போகும். மிச்சம் பூஜ்யம், விடை பை²/4. உங்கள் 2.467 அதுதான்.

படத்தை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். காஸ்(பை − எக்ஸ்) = −காஸ் எக்ஸ், உள்ளே குறி மாறினால் டான் இன்வெர்ஸும் குறி மாறும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மதுரைக்காரன்:
எங்கள் ஊர் பிளஸ் டூவில் பை பார்ட்ஸ் பக்கமே போகமாட்டோம். எக்ஸ் இருக்கும் இடமெல்லாம் பை − எக்ஸ் போடுங்கள். மேலே இருக்கும் எக்ஸ் மட்டும்தான் மாறும், சைனும் காஸ்²-உம் அப்படியே இருக்கும். பழையதையும் புதியதையும் கூட்டினால் எக்ஸ் காணாமல் போகும். விடையின் இரு மடங்கு = பை × பை/2. மூன்று வரி, முடிந்தது.

பிடோக்85:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அடிபடும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை! ஆனால் பை − எக்ஸ் எப்படித் தோன்றும்? எங்களுக்கு சப்ஸ்டிட்யூஷனை (எக்ஸுக்குப் பதில் எதைப் போடுவது என்பதை) கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்களே.

உட்லண்ட்ஸ் அக்கா:
எல்லை 0 முதல் பை வரை, தனி எக்ஸ் ஒன்று, மற்றதெல்லாம் சைனும் காஸ்²-உம் என்றால் உடனே எக்ஸை பை − எக்ஸ் என்று திருப்பிப் பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் இது உதவாது. மேலே எக்ஸுக்குப் பதில் எக்ஸ்² வைத்துத் திருப்புங்கள். தேடும் விடை இரண்டு பக்கமும் அடிபட்டு, மறுபடி இந்தப் பழைய கணக்கே கையில் நிற்கும்.