மறு: இலைவடிவ வேறுபாட்டுக்குச் சொல் – ‘கன்றிலை’யிலிருந்து தொடங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

காட்டில் நிற்கும் பழமரங்களின் இலை இடத்துக்கு இடம் வேறு வேறு வடிவில் இருப்பதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது என்று தம்பி தன் ஆய்வுக்காகக் கேட்டிருந்தார். ஐயாவின் இலைத்திரிபு, அக்காவின் வேற்றிலைமை என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. சொல்லுக்குப் போகுமுன் ஒரு மரத்தைப் பார்த்துவிடுவோம்.

குமரி மாவட்டத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அயனி நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம், பலாவின் நெருங்கிய உறவு. மலையாளத்தில் ஆஞ்ஞிலி. கேரளத்துப் பாம்புப் படகான சுண்டன் வள்ளம் செய்வது இதன் தடியில்தான். அயனிச்சக்கை பழுத்து விழும் காலத்தில் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை வறுக்க எடுத்து வைப்போம். தப்பிய கொட்டை ஒன்று முளைத்து இப்போது இடுப்பளவு கன்றாகிவிட்டது. அதன் இலை ஒன்றை இதை எழுதும்போது மேசைமேல் வைத்திருக்கிறேன். என் முன்கை நீளம் இருக்கிறது. இருபக்கமும் நடுநரம்பை நோக்கி ஆழமாகப் பிளந்து விரல் விரலாகப் பிரிந்திருக்கிறது, தொட்டால் சொரசொரப்பு. பக்கத்தில் தாய்மரம் உதிர்த்த இலை: அதில் பாதி நீளம்கூட இல்லை, முட்டை வடிவம், ஓரத்தில் ஒரு பிளவும் கிடையாது. இரண்டையும் பார்ப்பவர் ஒரே மரத்தின் இலை என்று நம்பமாட்டார்.

பலாக்கன்றிலும் இப்படிப் பிளந்த இலைகள் வரும். பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் 1789இல் பலாவுக்கு வைத்த ஹெட்டிரோஃபில்லஸ் என்ற அறிவியல் பெயருக்கே ‘வேறுபட்ட இலைகளையுடையது’ என்றுதான் பொருள்.

இப்போது தம்பியின் ஆய்வுக்கு வருகிறேன். ஒரு மலைச்சரிவில் கன்றுகளிலிருந்தும் இன்னொன்றில் முதிர்ந்த மரங்களிலிருந்தும் இலை பறித்து அளந்தால், இரு சரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகக் கணக்கு காட்டும். உண்மையில் அது வயது வேறுபாடு. உச்சிக்கொப்பின் வெயிலிலையையும் அடிக்கொப்பின் நிழலிலையையும் கலந்தாலும் இதே கதைதான். ஆக, ஒரு மரத்துக்குள் இருக்கும் வேறுபாட்டையும் ஓர் இனக்கூட்டத்துக்கும் மற்றோர் இனக்கூட்டத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் ஒரே சொல்லால் குறித்தால், அந்தக் குழப்பத்தை நாமே மொழிக்குள் கொண்டுவந்து விடுகிறோம். (இனக்கூட்டம் என்பது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் ஓரினத்து மரங்கள். அதை ஈழத்து நண்பர்கள் குடித்தொகை என்பார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும். மரத்துக்கும் குடி உண்டு என்பது நல்ல நினைப்பு.)

இனி, வந்த சொற்கள். ‘திரிபு’ புணர்ச்சி இலக்கணத்தில் குறையில்லாத சொல்தான், ஐயா சொன்னது சரி. ஆனால் கொரோனா காலத்தில் நாளிதழ்கள் அதை வைரஸுக்கு எழுதி எழுதி, இன்று திரிபு என்றாலே மரபணு மாறியது என்று படிக்கிறார்கள். அயனிக்கன்றில் மரபணு எதுவும் மாறவில்லை. ‘வேற்றிலைமை’யில் பொருள் சரியாக அமைந்திருக்கிறது, அக்காவின் உழைப்பு தெரிகிறது. ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதில் வெற்றிலைதான் விழுகிறது. அச்சில் ஒரு கொம்பு மாறினால் கட்டுரை வெற்றிலைக் கொடிக்கால் பற்றியதாகிவிடும்.

என் பரிந்துரை இது. பொதுச்சொல்லாக ‘இலைவேற்றுமை’ இருக்கட்டும். ஒரு மரத்துக்குள் என்றால் ‘ஒருமர இலைவேற்றுமை’, இனக்கூட்டங்களுக்கு இடையே என்றால் ‘கூட்டிடை இலைவேற்றுமை’. அகம், புறம் என்று பிரித்தும் எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, ஆனால் எதற்கு உள்ளே, எதற்கு வெளியே என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டேன்.

எனக்கு உண்மையில் வேண்டிய சொல் ‘கன்றிலை’. இளம் இலை என்று எழுதினால் தளிரா, கன்றின் இலையா என்று தெரியாது. நூறு வயது மரத்திலும் தளிர் உண்டு. இளங்கன்றிலும் முற்றிய இலை உண்டு. மாங்கன்று, தென்னங்கன்று என்று நாள்தோறும் சொல்கிறோம், எனவே கன்றிலைக்கு விளக்கம் தேவைப்படாது. எதிர்ச்சொல் ‘முதுமரவிலை’. ஒரு தடை மட்டும் உண்டு: வெட்டிய அடிமரத்தில் வெடிக்கும் துளிரிலும் இதே பிளந்த இலை வரும். அதையும் கன்றிலை என்றே சொல்லலாம் என்பது என் எண்ணம், ஏனென்றால் அந்தத் துளிர் கன்றைப் போலத்தான் நடந்துகொள்கிறது.

இன்னொன்று. வெவ்வேறு இடத்து விதைகளை ஒரே இடத்தில் வளர்த்து, வேறுபாடு நிலைக்கிறதா என்று பார்க்கும் முறை உண்டு. ஸ்வீடனில் தாவரவியலாளர் தூரெசோன் இப்படி வளர்த்துப் பார்த்துத்தான் சூழல்வகை (ஓரினத்துக்குள்ளேயே வாழிடத்துக்கு ஏற்ப மரபுவழியாக வேறுபட்ட வகை) என்ற கருத்தை 1922இல் முன்வைத்தார். இதைப் ‘பொதுத்தோட்டச் சோதனை’ என்று எழுதினால் ஊராட்சிப் பூங்கா நினைவுக்கு வருகிறது. ‘ஒருபாத்திச் சோதனை’ என்றால் நாற்று விடுபவருக்கும் புரியும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: “கன்றிலைகளை நீக்கி, முதுமரங்களின் வெயிலிலைகளை மட்டும் அளந்தபோதும் கூட்டிடை இலைவேற்றுமை தெரிந்தது, அது மரபுவழியதா என்பதை ஒருபாத்திச் சோதனையில் பார்க்க வேண்டும்.”

‘கூட்டிடை’ என்பதில் ‘கூட்டிலை’யின் (ஒரே காம்பில் பல சிற்றிலைகள் உள்ள இலை) சாயல் விழுகிறதோ என்ற ஐயம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்கு மாற்று யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.