உபத்திரவத்துலயும் நம்பிக்கைய விடாதவங்கள நேர்ல பாத்திருக்கீங்களா?

குமரிக்காரி:

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன், இன்னைக்கு உக்காந்துட்டேன். விசுவாசத்துக்காக பாடுபட்டவங்கள நேர்ல பாத்திருந்தா, அவங்க வாயாலயே கேட்டிருந்தா இங்க எழுதுங்க. பிரசங்கம் வேண்டாம், அது ஞாயித்துக்கிழமை கேட்டுக்கலாம். ஆளு பேரு, அடையாளம் எதுவும் போடாதீங்க, அவங்களுக்கு புதுசா ஒரு கஷ்டம் நம்மளால வரக்கூடாது.

என்னோடத முதல்ல சொல்றேன்.

நாங்க நாகர்கோவில் பக்கம். சின்ன வயசுலேருந்தே ஆரல்வாய்மொழி காத்தாடிமலைக்கு போய் பழக்கம், தேவசகாயம் பிள்ளைய சுட்ட எடம். அங்க மணியடிச்சான் பாறைன்னு ஒண்ணு உண்டு, கல்ல எடுத்து தட்டினா வெங்கல மணி மாதிரி டங்குன்னு கேக்கும். பாட்டி எங்கள வரிசையா நிக்க வச்சு தட்ட சொல்லுவாங்க, தட்டிட்டு அந்த கதைய சொல்லுவாங்க, அதே கதை, அதே எடத்துல அவங்களுக்கு தொண்டை அடைக்கும். நட்டாலத்துல பொறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம், நஷ்டம் மேல நஷ்டம் வந்து மனசு ஒடிஞ்சு கெடந்தப்ப டச்சுப் படையிலேருந்து வந்து திருவிதாங்கூர்ல தளபதியா இருந்த டிலனாய் அவருகிட்ட பைபிள்ல வர்ற யோபு கதைய சொல்ல, அது அவர புடிச்சுக்கிச்சு. 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், அப்ப வச்ச பேருதான் தேவசகாயம். 1749ல கைது. எருமை மேல ஏத்தி எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊரா கொண்டுபோயிருக்காங்க, அடிச்ச புண்ணுல காரப்பொடி தேச்சிருக்காங்க, பெருவிளையில வேப்பமரத்துல மாசக்கணக்கா கட்டிப்போட்டிருக்காங்க. 1752 ஜனவரி 14 அன்னைக்கு இந்த மலையில வச்சு சுட்டாங்க.

எல்லாரும் சுட்டத பத்திதான் பேசுவாங்க. எனக்கு என்னமோ அதுக்கு முன்னாடி இருக்குற அந்த மூணு வருஷம்தான் மனசுல நிக்குது. சுடுறது ஒரு நிமிஷம். ஆனா மூணு வருஷம் தினமும் காலையில கண்ணு முழிக்கணுமே, இன்னைக்கு "விட்டுட்டேன்"னு ஒரு வார்த்தை சொன்னா சாயங்காலம் வீட்டு சோறு சாப்பிடலாம்னு தெரிஞ்சுக்கிட்டே முழிக்கணுமே. அப்புறம் அவரு மனைவி ஞானப்பூ அம்மாள். அவங்கள யாரு நெனைக்கிறா? அவரு போனதுக்கு அப்புறமும் வடக்கன்குளத்துலயே இருந்து 1766லதான் எறந்தாங்க. பாட்டி அந்த அம்மாவுக்குன்னு தனியா ஒரு மெழுகுதிரி ஏத்துவாங்க, இப்ப நானும் ஏத்துறேன்.

இனிதான் நான் சொல்ல வந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி ஆடி மாசம் தனியா போயிருந்தேன், காத்து ஆளையே தள்ளுது, மெழுகுதிரி நிக்கவே மாட்டேங்குது. பக்கத்துல ஒரு பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், சிமெண்ட் ஒட்டுன பேண்ட், ரெண்டு கையையும் குவிச்சு என்னோட திரிக்கு மறைப்பு வச்சான். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வந்துச்சு. ஒடிசாவாம், கந்தமால் ஜில்லா, இங்க கட்டட வேலைக்கு வந்திருக்கான். கந்தமால்னு சொன்னதும் எனக்கு பக்குன்னு ஆயிருச்சு.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். 2007 கிறிஸ்மஸ் சமயத்துலயே அங்க சர்ச்சுகள தாக்க ஆரம்பிச்சாச்சு. 2008 ஆகஸ்ட் 23 ராத்திரி அங்க இருந்த விஸ்வ ஹிந்து பரிஷத் தலைவர் லட்சுமணானந்தா சுவாமிய சுட்டுக் கொன்னுட்டாங்க, மாவோயிஸ்டுங்க நாங்கதான் பண்ணோம்னு சொன்னாங்க, ஆனா பழி கிறிஸ்தவங்க மேல விழுந்துச்சு. வாரக்கணக்குல எரிச்சாங்க. 50,000 பேருக்கு மேல வீட்ட விட்டு ஓடுனாங்க, காட்டுக்கும் அப்புறம் முகாமுக்கும்.

இந்த பையனுக்கு அப்ப எட்டு வயசு. மழைக்காலம். காட்டுல நாலு ராத்திரி இருந்தாங்களாம், தங்கச்சி கைக்குழந்தை, அது அழுதா சத்தம் கேக்கும்னு அம்மா அது வாயில தன் விரல வச்சுக்கிட்டே இருந்தாங்களாம். அப்புறம் முகாம்ல ஒரு வருஷம். ஊருக்கு திரும்பணும்னா மதம் மாறிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அப்பாவுக்கு போயிரலாமான்னு ஒரு யோசனை, அது அவன் மறைக்காம சொன்னான், வயல் கெடக்கு, மாடு போச்சு, என்ன பண்ணுவாரு. அம்மாதான் வேண்டாம்னுட்டாங்க. ஏன்னு கேட்டேன். "தங்கச்சி அழல இல்ல"ன்னான். நாலு ராத்திரி அந்த குழந்தை அழாம இருந்துச்சு, அத யாரு செஞ்சாங்கன்னு எனக்கு தெரியும், அவர நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்னு அம்மா சொன்னாங்களாம்.

மூணு வருஷம் கழிச்சு ஊருக்கு போனப்ப வீட்டுக்கு செவரு மட்டும்தான் நின்னுச்சாம். ஆனா பின்னாடி தோட்டத்துல மஞ்சள். கந்தமால் மஞ்சள் பேர் போனது, உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். யாரும் தோண்டல, யாரும் தண்ணி ஊத்தல, மண்ணுக்குள்ள கெடந்த கெழங்கு ஒவ்வொரு மழைக்கும் தானா மொளைச்சு மொளைச்சு தோட்டம் முழுக்க பரவி கெடந்துச்சாம். அத வித்துத்தான் கூரைக்கு தகரம் வாங்கியிருக்காங்க.

கதை சொல்லிட்டு பாறைய காமிச்சு இவரு யாருன்னு என்கிட்ட கேட்டான். அதுவரைக்கும் அவனுக்கு தெரியாது, கூட வேலை செய்யறவங்க நல்ல எடம்னு சொன்னதால வந்திருக்கான். நான் சொன்னேன், பாட்டி சொன்ன மாதிரியே. ஒரு கல்ல எடுத்து தட்டுனான், அப்படியே காத பாறையில வச்சு கேட்டுக்கிட்டே நின்னான்.

ஜெபத்தோட்டம்:

படிச்சிட்டு பஸ்லயே அழுதுட்டேன் சிஸ்டர். அந்த அம்மாவுக்காக இன்னைக்கு எங்க ஜெபக்குழுவுல ஜெபிக்கிறோம்.

நெல்லைப் பக்கம்:

நல்ல பதிவு. ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க, மனசு வலிச்சுத்தான் எழுதுறேன். தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்குன அதே வடக்கன்குளத்துலதான் பின்னாடி கோயிலுக்குள்ள சாதிக்கு ஒரு பக்கம்னு நடுவுல தடுப்பு வச்சிருந்தாங்க, 1910லதான் அத இடிச்சாங்க. அவரு எல்லா சாதிக்காரங்களோடயும் சமமா உக்காந்தார்ங்கறதும் அவரு பட்ட பாட்டுக்கு ஒரு காரணம்னு எங்க பங்குல சொல்லிக்குடுத்தாங்க. வெளியிலேருந்து வர்ற உபத்திரவத்த பேசுறப்ப நாம உள்ள இருக்கறவங்களுக்கு குடுத்ததையும் நெனச்சுக்கணும். கந்தமால்ல ஓடுனவங்கள்லயும் நெறைய பேரு தலித், ஆதிவாசி ஜனங்கதான்.

குமரிக்காரி:

ஒரு வார்த்தை கூட தப்பில்ல அண்ணே. நீங்க எழுதுனது நல்லதுக்குத்தான்.

பேர்ன் குசினி:

வணக்கம், நான் சுவிஸில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இருபது வருஷமா ஒரு முதியோர் இல்லத்து குசினியில வேலை. என்னோட வேலை செய்யிற ஒரு எரித்திரியாக்காரி பற்றித்தான் எழுதப்போறன். ரெண்டு பேருக்கும் அரைகுறை டொச், ஜெர்மன் பாஷைதான், அதில பாதி கையால கதைக்கிறது, ஆனா பத்து வருஷம் பக்கத்தில நிண்டு வெங்காயம் வெட்டினா பாஷை தேவையில்லை.

அவ வந்த புதுசில எனக்கு அவவில சரியான கோவம். ஏனெண்டா குளிரறைக்குள்ள போகேக்க கதவைச் சாத்தவே மாட்டா. உருளைக்கிழங்குப் பெட்டியை இழுத்து கதவுக்குக் குடுத்திட்டுத்தான் உள்ள போவா. செஃப் என்னைத்தான் ஏசுவார், கரண்ட் காசு ஏறுது எண்டு. ஒருநாள் நான் தெரியாத்தனமா அந்தப் பெட்டியைக் காலால தள்ளிவிட்டன், கதவு டொக்கெண்டு சாத்திக்கொண்டுது. உள்ளுக்க இருந்து சத்தமே வரேல்ல. கத்தவும் இல்லை, தட்டவும் இல்லை. திறந்து பார்த்தா பால் பெட்டிகளுக்கு நடுவில முழங்காலில இருந்து மெல்லிசாப் பாடிக்கொண்டு இருக்கிறா, முகமெல்லாம் வேர்வை, அந்தக் குளிருக்குள்ள.

பிறகு கனகாலம் போய்த்தான் சொன்னவ. எரித்திரியாவில 2002 இல அரசாங்கம் ஒர்தொடொக்ஸ், கத்தோலிக்கர், லூத்தரன், இஸ்லாம் எண்ட நாலைத் தவிர மற்ற எல்லாத்தையும் மூடினது. இவ பெந்தெகொஸ்தே. வீட்டில பத்துப் பேர் சேர்ந்து ஜெபிச்சுக்கொண்டு இருக்கேக்க பிடிச்சுக்கொண்டு போய் கொண்டெய்னரில போட்டவங்கள். கப்பலில சாமான் ஏத்துற அந்த இரும்புக் கொண்டெய்னர்தான். பகலில அடுப்பு, இரவில ஐஸ். இருபது பேருக்கு மேல உள்ளுக்க. விடியக்காலமை எல்லாற்ற மூச்சும் கூரையில பட்டுத் தண்ணியா சொட்டுமாம், துருத் தண்ணி, அதை நாக்கில ஏந்துவமெண்டு சொன்னவ. ஹெலன் பெர்ஹானே எண்ட பாடகியையும் 2004 இல பிடிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல இப்பிடித்தான் வச்சிருந்தவங்கள், அவ பிறகு டென்மார்க்குக்கு வந்திட்டா. ஒர்தொடொக்ஸ் பெரிய பிதா அந்தோனியோஸையே அரசாங்கம் பதவியால இறக்கி வீட்டுக்காவலில வச்சது, 2022 இல அந்தக் காவலிலதான் மனுசன் கண்ணை மூடினவர். அனுமதி குடுத்த சபைக்கே இந்த நிலமை எண்டா மற்றவைக்கு என்ன நடக்கும்.

வெளியில வாறதுக்கு ஒரேயொரு கடுதாசி. இனிமேல் அந்தக் கூட்டத்துக்குப் போகமாட்டன் எண்டு கையெழுத்து வச்சா கதவு திறக்கும். கிழமைக்கு ஒருக்கா கொண்டுவந்து நீட்டுவாங்களாம். குமரிக்காரி அக்கா நீங்க அந்த மூண்டு வருஷத்தைப் பற்றி எழுதினதை வாசிக்கேக்க எனக்கு இந்தக் கடுதாசிதான் ஞாபகம் வந்தது.

நான் கேட்டனான், உள்ளுக்க இருந்த ஆரும் கையெழுத்து வச்சவையோ எண்டு. ஓம் எண்டா. இவவின்ர உயிர்ச் சிநேகிதி வச்சவ, வெளியில ரெண்டு சின்னப் பிள்ளையள். கையெழுத்து வச்சிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவவாம். அவவில உனக்குக் கோவம் இல்லையோ எண்டன். இவ கத்தியை வச்சிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. "அவள் போட்டிட்டுப் போன சால்வையாலதான் நான் குளிருக்குப் போர்த்தனான்" எண்டா. இண்டைக்கும் இவவின்ர சம்பளத்தில ஒரு பங்கு அந்தப் பிள்ளையளின்ர படிப்புக்குப் போகுது. நான் வெஸ்டேர்ன் யூனியனுக்குக் கூடப் போறனான், அதாலதான் தெரியும்.

பத்து மாசத்தால வருத்தம் முத்தி, செத்துப்போயிடுவா எண்டு வெளியில விட்டவங்கள். பிறகு சூடான், லிபியா, கடல். அதை அவ கதைக்க மாட்டா, நானும் கேக்கிறேல்ல. நாங்களும் ஓடி வந்த சனம்தானே, எது கேக்கலாம் எது கேக்கக்கூடாது எண்டு விளங்கும்.

இப்ப குளிரறைக்கு அவ போகேக்க பெட்டியை நான்தான் இழுத்து வைக்கிறன்.

வாவிக்கரை:

நான் மட்டக்களப்பு. என்ர கதை 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இஸ்லாமியத் தீவிரவாதியள் இலங்கையில தேவாலயங்களிலயும் ஹோட்டல்களிலயும் தற்கொலைக் குண்டு வெடிக்க வச்ச நாள். எங்கட ஊர் சீயோன் தேவாலயமும் அதில ஒண்டு. ஞாயிறு பள்ளி முடிஞ்சு பிள்ளையள் வெளியில சாப்பிட்டுக்கொண்டு நிண்ட நேரம். குண்டுப் பையோட வந்தவனை உள்ளுக்க விடாமல் மறிச்சு நிண்ட ஒரு அண்ணனாலதான் ஆராதனைக்கு இருந்த நூற்றுக்கணக்கான ஆக்கள் தப்பினவை, அவர் அதிலேயே முடிஞ்சார். ஏறத்தாழ 30 பேர் போனதில அரைவாசிக்குக் கிட்ட பிள்ளையள். நாட்டில எல்லா இடத்தையும் சேர்த்தா 250க்கும் மேல. தகவல் முன்னமே வந்தும் தடுக்கேல்லை எண்டு 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் குண்டு வெடிச்ச நேரம் ஜனாதிபதியா இருந்தவரை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. காசு சரி. பிள்ளை?

எங்கட ஒழுங்கையில ஒரு அன்ரிட பேரப்பிள்ளை அதில போனது. அவட பக்கத்து வீடு முஸ்லிம் ஆக்கள். முப்பது வருஷப் பழக்கம், பெருநாளுக்கு அவங்கட வட்டிலப்பம் இங்க வரும், ஈஸ்டருக்கு இவட கேக் அங்க போகும். அந்த நாளுக்குப் பிறகு அவங்க கதவைத் திறக்கவே பயந்து இருந்தாங்க. நாங்களும், உண்மையச் சொல்லப்போனா, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினம். நான் திருப்பினன்.

அடுத்த வருஷம் கொரோனா, ஊரடங்கு, கோயிலும் இல்லை ஒண்டும் இல்லை. ஈஸ்டர் அண்டு காலமை நான் மதிலால பார்க்கிறன், அன்ரி வெள்ளைச் சாரி உடுத்து, கையில மூடின தட்டோட அவங்கட கேற்றடியில நிக்கிறா. தட்டினா, ஒருத்தரும் வரேல்லை. திரும்பவும் தட்டினா. கால்மணித்தியாலம் நிண்டிருப்பா அந்த வெயிலுக்க. பிறகு அந்த வீட்டு உம்மா வந்து கதவைத் திறந்தவ, ரெண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை, தட்டு கைமாறினது, அந்த உம்மா இருந்து அழுதது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

பின்னேரம் நான் அன்ரியிட்ட கேட்டன், உங்களுக்கு எப்பிடி மனசு வந்தது எண்டு. "மனசு வரேல்லடா மகன்" எண்டவ. "கேக் அடிச்சன். அடிச்சா அங்க குடுக்கிறதுதானே."

குமரிக்காரி:

வாவிக்கரை தம்பி, பேர்ன் அக்கா, ரெண்டு பேருக்கும் என்ன பதில் எழுதறதுன்னு தெரியல. ரெண்டு தடவ படிச்சேன்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அந்த ஒடிசா பையன் போன கிறிஸ்மஸுக்கு ஊருக்கு போயிட்டு வந்தப்ப எனக்கு ஒரு சின்ன துணிப்பொட்டலம் கொண்டாந்தான், உள்ள நாலு வெரல் மஞ்சள், மண்ணோட. அவங்க அம்மா குடுத்துவிட்டதாம், சமையலுக்கு இல்ல, நடுறதுக்குன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. பெயிண்ட் வாளியில மண்ணு போட்டு மாடியில வச்சேன். ரெண்டு மாசம் ஒண்ணும் காணல, நான் தோண்டி பாக்கலாம்னு கரண்டி எடுத்தேன், எங்க வீட்டுக்காரர்தான் கெடக்கட்டும் விடுன்னாரு. சித்திரை மழை பெஞ்சு மூணாம் நாள் காலையில பாத்தா ரெண்டு குருத்து. போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்புனேன், அவன் அவங்க அம்மாவுக்கு அனுப்பியிருக்கான், அவங்க குரல் பதிவு ஒண்ணு போட்டிருக்காங்க, குயி பாஷை, எனக்கு ஒரு எழுத்து புரியல. தண்ணி ஜாஸ்தி ஊத்தாதீங்கன்னு சொல்றாங்களாம்.

வேற யாராச்சும் இருந்தா எழுதுங்க.