பச்சையவுருமணி மீது கருவின் பிடி: என்ன சொல் வைப்பது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

தாவரக் கலத்தின் கரு (nucleus), ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணியின் (chloroplast) பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) எப்போது, எவ்வளவு வேலை செய்வது என்று தீர்மானிப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு முன் மடல்களில் வந்த மூன்று சொற்களையும் பார்த்தேன். 'கருவாட்சி' வேண்டாம். எங்கள் பாடநூல்களில் 'ஆட்சி' என்பது பின்னிடைவை மறைத்து வெளிப்படும் பரம்பரை இயல்பு. போதாததற்கு, திருகோணமலையில் அதைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பு முழுக்கக் கருவாடு மணக்கும். 'கருவேவல்' என்றால் பில்லி சூனியம் வந்து நிற்கிறது. 'கருக்கட்டுப்பாடு' இன்னும் மோசம். கருக்கட்டலை நாள்தோறும் படிப்பிக்கிற நமக்கு அது குடும்பக்கட்டுப்பாட்டுக் கிளினிக்கின் பெயர்ப்பலகைதான்.

ஓசையை விடுங்கள், 'கட்டுப்பாடு' என்ற பொருளே இங்கு சரியில்லை. பச்சையவுருமணியின் டிஎன்ஏயில் இருப்பவை ஏறக்குறைய 120 பரம்பரையலகுகள். அதற்குள் வேலை செய்யும் புரதங்களோ ஆயிரக்கணக்கில்; பெரும்பாலானவை கருவின் கட்டளையில் வெளியே தயாராகி உள்ளே போகின்றன. காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதியத்திலேயே 8 பெரிய துணையலகுகள் உள்ளூர்ச் சரக்கு, 8 சிறியவை கருவிலிருந்து. உள்ளே டிஎன்ஏயைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் பொலிமரேசு நொதியத்துக்கும் எங்கே தொடங்குவது என்று காட்ட, கரு தரும் சிக்மா காரணிகள் என்ற புரதங்கள் வேண்டும். ஆய்வுகூடங்களில் வளர்க்கும் அரபிடொப்சிசு செடியில் அவை 6.

இனி பிபிஆர் புரதங்கள்: கருவிலிருந்து வந்து, உள்ளே உள்ள ஆர்என்ஏயைப் பற்றிக்கொள்ளும் ஒரு குடும்பம். சோளத்தில் (தமிழகத்தார் மக்காச்சோளம் என்று வாசிக்கவும்) பிபிஆர்10 என்று ஒன்று. ஏடிபி தொகுக்கும் நொதியத்தின் ஒரு துணையலகுக்கான ஆர்என்ஏயின் நுனிப்பக்கம் ஒட்டிக்கொண்டு, அதை அரிக்க வரும் நொதியத்தை மறிக்கிறது. புரதம் கட்டும் ரைபோசோம் வந்து அமரவேண்டிய இடம் மடிந்து கிடந்தால் விரித்தும் விடுகிறது. அது இல்லாவிட்டால் அந்த ஆர்என்ஏ நிலைக்காது. இதில் தடுப்பது எங்கே, கட்டுப்படுத்துவது எங்கே? ஆளனுப்பிப் பேசவைக்கிறது கரு.

ஆகவே என் முன்மொழிவு: கருவழி நெறியாள்கை. நாடகத்தில் எழுத்துரு ஒருவருடையது. யார், எப்போது, எவ்வளவு பேசுவது என்பது நெறியாளருடையது.

கந்தளாய்ப் பக்கம் நாற்றுமேடையில் அத்தி பூத்தாற்போல் ஒரு வெள்ளை நாற்று முளைக்கும். விதையிலுள்ள உணவு தீரும்வரை நின்று பட்டுப்போகும். பச்சையவுருமணியின் பிழை தாய்வழியாகத்தானே வரவேண்டும், இது ஏன் பல தடவை மெண்டலின் 3:1 கணக்கில் வருகிறது என்று உயர்தர மாணவர் கேட்கும்போது, பிழை கருவில் இருக்கலாம் என்று சொல்லே பாதி விடையைத் தரவேண்டும்.

— உயிரியல் ஆசிரியை, உப்புவெளி

*

அம்மா,

நெறியாள்கை நன்று. நாங்கள் 'இயக்கம்' என்போம். ஆனால் அறிவியலில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. சிக்கல் 'கரு'வில். எங்களுக்கு அது வயிற்றில் வளர்வது. உங்கள் கருவுக்கு இங்கே உட்கரு என்று பெயர், பச்சையவுருமணிக்குப் பசுங்கணிகம்.

இன்னொன்று. பசுங்கணிகம் சும்மா கேட்டுக்கொண்டு இருப்பதில்லையே. நோர்புளுராசோன் என்ற களைக்கொல்லியால் அதைச் சிதைத்தால், உட்கருவிலுள்ள ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. 'கன்' என்ற சடுதிமாற்றம் (மரபணுப் பிழை) உள்ள செடிகளில் மட்டும் அவை அவ்வளவாக அடங்குவதில்லை, சேதி போய்ச் சேராததால். உங்கள் சொல்லில் இந்த எதிர்த்திசைக்கு இடம் எங்கே?

— தஞ்சாவூரிலிருந்து

*

ஐயா,

இடம் வேண்டாம். அது வேறு நிகழ்வு, வேறு சொல் வேண்டும். 'கருவழி' என்ற முன்பகுதி திசையைச் சொல்லிவிடுகிறது; திரும்பி வருவதை 'உருமணிவழிச் சைகை' என்போம், உங்களுக்குக் 'கணிகவழிச் சைகை'. 'பின்னோக்குச் சமிக்ஞை' என்று சிலர் எழுதுகிறார்கள். எது முன், எது பின் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கவேண்டியிருக்கிறது.

உட்கருவழி என்றே நீங்கள் எழுதுங்கள், பின்பகுதி இரு கரையிலும் ஒன்றாக இருந்தால் போதும். பிபிஆரைத் தமிழாக்க வேண்டுமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். 35 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருவதால் வந்த பெயர் அது. 'முப்பத்தைந்தன்' என்று வைத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிபிஆராகவே இருக்கட்டும்.

— உப்புவெளி